தலையில்லாத காத்தாயி

அங்கமுத்துவுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. யாராவது பேசினால் அவர்கள் முகத்தைப் பார்க்கமாட்டான். முழங்காலைப் பார்ப்பான், இல்லாவிட்டால் இடுப்பை. பேசுகிறவர் எந்தக் காலில் பாரத்தை வைத்திருக்கிறார், தோள் எந்தப் பக்கம் சாய்கிறது, கழுத்து எவ்வளவு முன்னால் வந்திருக்கிறது என்று கணக்கெடுப்பான். ஒரு தடவை தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அவனை நிற்கவைத்துக் கால் மணி நேரம் ஏசினார். முடிவில், "நான் சொன்னது மண்டையில ஏறிச்சா?" என்று கேட்டார். அவ்வளவு நேரமும் கணக்கப்பிள்ளையின் தொப்பை கோபம் வரும்போது இடப்பக்கம் ஒதுங்குவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அங்கமுத்து, "எதுங்க?" என்றான். மறுபடியும் முதலிலிருந்து வாங்கிக் கட்டிக்கொண்டான்.

பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில் பிறந்தவன். உளி பிடித்த பரம்பரை ஒன்றுமில்லை. தோட்டத்து மேசன் வேலைக்காரர்களோடு சேர்ந்து தண்ணீர் ஓடும் கானுக்குக் கல் கட்டுவதும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதும், கக்கூஸ் சுவரில் வெடிப்பு அடைப்பதும்தான் அவன் தொழில். கோவில் வாசல் சிங்கத்துக்கு வால் உடைந்துபோன ஒரு வருஷம், மிச்சமிருந்த சிமெந்தில் புது வால் ஒன்று வைத்துக் கொடுத்தான். சிங்கம் எப்படி இருந்தாலும் வால் உயிரோடு இருக்கிறது என்று ஜனங்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் முனிக்கு மீசை, காளிக்குக் கை, மயிலுக்குக் கழுத்து என்று எது உடைந்தாலும் அங்கமுத்துவைத்தான் கூப்பிட்டார்கள்.

சாமிகளுக்கும் அவனுக்கும் தகராறு வந்தது தொண்ணூற்று நான்கில். கீழ் டிவிசன் கோவில் முகப்புக்கு ஆறடியில் மாரியம்மன் செய்யச் சொன்னார்கள். இரண்டு மாதம் சாரத்தின்மேல் குடியிருந்து செய்தான். திருவிழாவுக்கு முதல் நாள் சாக்கை விலக்கியதும் கோவில் தலைவர் அண்ணாந்து பார்த்தார். ஆத்தா ஒரு காலில் பாரத்தைப் போட்டு, கழுத்தை முன்னால் நீட்டி, இடுப்பை ஒடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னாடா இது? ஆத்தா பெரட்டுல நிக்கிற மாதிரி நிக்கிறா!" என்றார் தலைவர். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பும் இடம்தான் பெரட்டு. "ஆத்தாவுக்கு இன்னைக்கி எந்த மலையில வேல குடுக்கப்போற?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "அவ நம்மளப் போல நிக்கிறதுதான் கும்புட வசதியா இருக்கு," என்று பெண்கள் சிலர் முணுமுணுத்தார்கள். பெண்கள் பேச்சு கமிட்டியில் எடுபடவில்லை. மாத்தளையிலிருந்து ஒரு சிற்பியை வரவழைத்து ஆத்தாவின் இடுப்பை உடைத்து நேராக்கினார்கள். அங்கமுத்து அதைப் பார்க்கப் போகவில்லை. சாமிக்கும் தனக்கும் ஒத்துவராது என்று மேசன் கரண்டியைக் கழுவி எடுத்துக்கொண்டு பதுளை டவுனுக்கு வேலை தேடிப் போய்விட்டான்.

டவுனில் சுவருக்கு வர்ணம் அடிக்கப் போன இடங்களில் ஒன்று இத்ரூஸ் முதலாளியின் புடவைக்கடை. தன் மகள் பெயரில் 'நூருல் இனாயா டெக்ஸ்' என்று பலகை போட்டிருந்தார். கீழே கடை, மேலே வீடு. அந்த வாரம்தான் கொழும்பிலிருந்து வாசல் கண்ணாடிக்குள் நிறுத்த இரண்டு ஆளுயரப் பெண் பொம்மைகளை லொறியில் இறக்கியிருந்தார். நீலக் கண்ணும் தங்க முடியுமாக இரண்டு வெள்ளைக்காரிகள். முதலாளி வாயெல்லாம் பல்லாக நின்றுகொண்டிருந்தபோது மேலேயிருந்து அவர் மனைவி ரஹ்மத்தும்மா இறங்கி வந்தார்.

"நா தொழுவுற ஊட்டுல இந்த ரெண்டு பேரும் கண்ண முழிச்சிக்கிட்டு நிக்க ஏலா," என்றார். முகமுள்ள உருவம் நிற்கும் வீட்டில் தொழக்கூடாது என்பது அவர் கட்சி. சொல்லிவிட்டுப் படியேறிவிட்டார்.

இத்ரூஸ் முதலாளி கடையில் புலி, மாடிப்படியில் பூனை. சுவரோரம் தூரிகையோடு நின்ற அங்கமுத்துவைப் பார்த்து, "ஒங்கிட்ட இரும்பு அறுக்கிற வாள் ஈக்கிதா?" என்று மெல்லக் கேட்டார். பத்து நிமிஷத்தில் இரண்டு வெள்ளைக்காரிகளுக்கும் தலை போயிற்று. கழுத்தை மழுப்பிப் பூசிக் கொடுத்தான். அறுத்த தலைகளை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. வீணாக்குவானேன் என்று அவனே பையில் போட்டுக்கொண்டான்.

சண்டைக்காலம் அது. பசறை வீதிச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள். பையைத் திறந்த சிப்பாய் இரண்டடி பின்னால் பாய்ந்து துவக்கை நீட்டினான். அங்கமுத்து கையைத் தூக்கிக்கொண்டு, தனக்குத் தெரிந்த நாலு சிங்கள வார்த்தையையும் ஒன்றாகக் கொட்டி, அவர்கள் கடைச் சீமாட்டிகள் என்று சொல்லப் பார்த்தான். "நோனாலா மாத்தயா! கடே நோனாலா!" சார்ஜன்ட் வந்து, ஒரு தலையைத் தட்டிப் பார்த்து, சிரித்து, இவர்களுடைய அடையாள அட்டை எங்கே என்று கேட்டான். பஸ் முழுக்கச் சிரித்தது. அங்கமுத்து மட்டும் வீடு போய்ச் சேரும்வரை பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி காத்தாயி, தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். பையைத் திறந்து பார்த்தாள். "டவுனுக்குப் போன ஆம்புளைங்க மீனு வாங்கிட்டு வருவாங்க, பாணு வாங்கிட்டு வருவாங்க. நீங்க தலைய வாங்கிட்டு வந்திருக்கீங்க," என்றாள். மறுநாள் லயத்துக்குப் பின்னாலிருந்த போஞ்சிப் பாத்தியில் இரண்டு கம்புகளை நட்டுத் தலைகளைச் செருகினாள். அந்த வருஷம் போஞ்சி நன்றாகக் காய்த்தது. அது வெள்ளைக்காரிகளாலா மழையாலா என்பதில் லயத்தில் இரண்டு கட்சி இருந்தது.

தலை போயும் பொம்மைகளால் பிரயோசனமில்லை. கடையின் மூத்த சேல்ஸ்மன் ஸியாம், ஊசி ஊசியாகக் குத்தி சேலை கட்டுவான். கட்டி முடிப்பதற்குள் அது இடுப்பிலிருந்து வழுக்கிக் காலடியில் விழும். தோட்டத்துப் பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, நமக்கு வராது," என்று போய்விடுவார்கள்.

"தலை போனது ஒண்ணுமில்லீங்க முதலாளி," என்றான் அங்கமுத்து. "ஒடம்புதான் சரியில்ல. இந்தம்மா ஒருநாளும் ஒரு சுமை தூக்கினதில்ல. ஒரு மேடு ஏறினதில்ல. சீல எப்படி நிக்கும்?"

"அப்ப நீ ஒண்டு செஞ்சி காட்டு பாப்பம்," என்றார் முதலாளி, எரிச்சலில்.

அவன் செய்தான். கடைக்குப் பின்னால் அட்டைப்பெட்டிகள் குவிந்த ஸ்டோர் அறையில் மூன்று மாதம். பதுளு ஓயா ஆற்றங்கரையிலிருந்து களிமண் கொண்டுவந்து உடம்பைப் பிடித்தான். அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அச்சு எடுத்து, அச்சுக்குள்ளே பழைய பேப்பரைக் கோதுமைமாப் பசையால் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்துப் பிரித்தெடுப்பது என்று திட்டம். பஸ் ஸ்டாண்டிலும் சந்தையிலும் நின்று பெண்களின் நடையையும் நிலையையும் மனத்தில் ஏற்றிக்கொண்டு வருவான். ஒருத்தியின் முதுகு, ஒருத்தியின் இடுப்பு, இன்னொருத்தியின் கெண்டைக்கால் என்று பொறுக்கிச் சேர்த்து ஒருத்தியைச் செய்துகொண்டிருப்பதாகத்தான் அவன் நினைத்தான். சரிவில் நின்றே பழகிய கால் என்பதால் இடது முழங்காலைக் கொஞ்சம் மடக்கினான். தலை இல்லாவிட்டாலும், கூடைக்கயிறு தலையை இழுத்து இழுத்து முன்னால் வந்த கழுத்து தெரியவேண்டும் என்று அடிக்கழுத்தை முன்னால் தள்ளினான். வலது தோள் மட்டும் சரிவரவில்லை. நாலு நாள் மண்ணைப் போட்டான், எடுத்தான். ஐந்தாம் நாள் அதை இரண்டு விரற்கடை கீழே இறக்கினான். உடனே உடம்பு முழுவதும் சரியாகிவிட்டது. ஏன் என்று அவனைக் கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது.

பேப்பர் உடம்பு காய்ந்து அச்சிலிருந்து வெளியே வந்த அன்று அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். வாழ்நாளில் முதல் தடவையாக, திருத்த ஒன்றுமில்லாத ஒரு வேலையைச் செய்திருந்தான். சந்தோஷம் தாங்கவில்லை. யாரிடமும் சொல்லத் தெரியாமல் எதிர்க்கடையில் போய் இரண்டு பிளேன் டீ குடித்தான்.

பொம்மையைக் கண்ணாடிக்குள் நிறுத்தி ஸியாம் சேலை கட்டினான். ஒரு ஊசிகூடத் தேவைப்படவில்லை. தோட்டத்துப் பெண்கள் வந்து பார்த்தார்கள், தலையைச் சாய்த்துப் பார்த்தார்கள், உள்ளே வந்தார்கள். "நம்மளுக்குத் தெரிஞ்ச யாரோ மாதிரி இருக்கு," என்று சொல்லிக்கொண்டே அதே சேலையைக் கேட்டார்கள். இத்ரூஸ் முதலாளி வெள்ளைக்காரிகளை மாடிப்படிக்குக் கீழே தள்ளிவிட்டு அங்கமுத்துவைக் கடையிலேயே வைத்துக்கொண்டார்.

யாழ்ப்பாணத்துக்காரரான இளையதம்பி மாஸ்டர், பதுளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்துக்கொண்டிருந்தார். வேட்டி வாங்க வந்தவர் பொம்மையைக் கண்டு வேட்டியை மறந்துவிட்டார். "தம்பி, உதைச் செய்தது நீங்களோ? தலை இல்லாமல் விட்டது, மனிசன் தன்ரை அடையாளத்தை இழந்துபோனதைக் காட்டத்தானே?"

"இல்லீங்க சார்," என்றான் அங்கமுத்து. "முதலாளி சம்சாரம் வேணாம்னுட்டாங்க."

மாஸ்டர் அதையும் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார். ஒரு சிறு பத்திரிகையில், 'மனித உருவத்தைத் தேடும் சமகாலச் சிற்பி' என்று நாலு பக்கம் எழுதினார். ஸியாம் அதை உரக்க வாசித்துக் காட்டினான். அங்கமுத்து கடைசிவரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் எங்கப்பா தேடினேன்? அதுங்கதான் பஸ் ஸ்டாண்டு பூரா நிக்குதே," என்றான்.

இப்படியே ஒரு வருஷத்துக்குமேல் ஓடியது. காத்தாயி அந்தப் பொம்மையைக் கண்டதில்லை. அவளுக்குச் சந்தை, சாமான், டாக்டர் எல்லாம் பசறையோடு சரி. சேலையை அவனே கடையிலிருந்து கொண்டுபோய்க் கொடுத்துவிடுவான்.

கடையில் ஒரு வழக்கம் உண்டு. சனி ஞாயிறில்தான் தோட்டத்து ஜனங்கள் டவுனுக்கு வருவார்கள் என்பதால், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக் கடை சாத்துவதற்கு முன்னால் பொம்மைக்குப் புதுச்சேலை மாற்றிவிடவேண்டும். ஸியாமும் இன்னொரு சேல்ஸ்மனும் கண்ணாடிக்குள் ஏறிப் பழைய சேலையை உருவிப் போட்டுவிட்டு, எந்தச் சேலையைக் கட்டலாம் என்று நின்று நிதானமாக விவாதிப்பார்கள். பேப்பர் பொம்மைதானே. பஜார் வீதியில் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

தொண்ணூற்று எட்டு தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தபோது தோட்டத்தில் ஒரு வெள்ளிக்கிழமை லீவு கிடைத்தது. காத்தாயிக்குப் பக்கத்து வீட்டு வீராயி, இன்னும் நாலு பெண்களோடு பதுளைக்கு வந்தாள். அவர்கள் கடை வாசலுக்கு வந்த நேரம் ஸியாம் சேலையை உருவிவிட்டுக் கையில் வைத்துக்கொண்டிருந்தான். பொம்மை வீதிக்கு முதுகு காட்டி நின்றது.

வீராயி கையிலிருந்த பார்சல் கீழே விழுந்தது. "ஐயையோ! இது நம்ம காத்தாயி!"

மற்ற நாலு பேருக்கும் சந்தேகமே வரவில்லை. மலையில் வரிசையாக ஏறிக் கொழுந்து பறிக்கிறவர்கள் நாள் முழுக்கப் பார்ப்பது முன்னால் போகிறவளின் முதுகைத்தான். அவர்களுக்கு ஒருவருக்கொருவர் முகத்தைவிட முதுகு பழக்கம். பதினைந்து வருஷமாகக் காத்தாயிக்குப் பின்னாலேயே ஏறியவள் வீராயி. அவளை ஏமாற்ற முடியுமா? ஐந்து பேரும் சேலை வாங்காமலே பஸ் ஏறினார்கள்.

சாயந்தரம் அங்கமுத்து வீடு வந்தபோது லயத்து வாசலெல்லாம் ஆட்கள் நின்றார்கள்.  காத்தாயி தன் வாசற்படியில் குறுக்கே நின்றாள்.

"என்னைய பஜாருல துணியில்லாம நிக்க வச்சிருக்கீங்களாமே?"

"உன்னையவா? நான் எங்க...? அது நீ இல்ல புள்ள. மாரியாத்தா சத்தியமா நீ இல்ல."

அதோடு நிறுத்தியிருந்தாலாவது பிழைத்திருப்பான். காத்தாயி ஒரு எட்டு முன்னால் வந்தாள். "நான் இல்லீன்னா அப்ப எவ?"

அங்கமுத்து வாயைத் திறந்தான். அவள்தான் என்றால் மானத்தை விற்றவன். வேறு ஒருத்தி என்றால், முதுகும் இடுப்பும் அத்தனை துல்லியமாகத் தெரிந்த அந்த வேறு ஒருத்தி யார் என்று சொல்லவேண்டும். பலரிடமிருந்து பொறுக்கிச் சேர்த்தேன் என்ற உண்மையைச் சொன்னால் அதைவிட மோசம். 

"அத ஒடைச்சிட்டு வாங்க," என்றாள் காத்தாயி.  "நாளைக்கி நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு மலைக்கிப் போவேன்? கங்காணியில இருந்து எல்லாம் சிரிக்கிறானுங்க. அது ஒடையாம இந்தப் படிய மிதிக்காதீங்க."

அன்று போனவன்தான். கடை ஸ்டோர் அறையில் சாக்கை விரித்துக்கொண்டான். முதலாளியிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையில் கைவைத்தார். "தீவாளிக்கி இன்னம் பத்து நாள் ஈக்கி. இப்ப ஒடைச்சா நா என்னத்தக் காட்டி விக்கிற? தீவாளி முடியட்டும், நானே ஒடைச்சித் தாரேன்."

முதலாளி சம்மதித்திருந்தாலும் அவனால் முடிந்திருக்காது. கடை திறப்பதற்கு முன்னால் இரண்டு தடவை சுத்தியலை இரவல் வாங்கிக்கொண்டு கண்ணாடிக்குள் ஏறினான். இரண்டு தடவையும் இறங்கிவிட்டான். இரண்டாம் தடவை சேலையை விலக்கி முதுகைப் பார்த்தபோதுதான் வீராயி சொன்னது உண்மை என்று தெரிந்தது. காத்தாயியேதான். அடுப்பை ஊதக் குனிந்து நிமிரும்போது அவள் நிற்கும் நிலை, மலையிலிருந்து இறங்கி வந்து கதவில் சாயும்போது அவள் இடுப்பு. பஸ் ஸ்டாண்டில் பொறுக்கியதாக நினைத்ததெல்லாம் வீட்டிலிருந்து வந்திருக்கிறது. கூசிப்போனான். வாழ்நாளில் அவன் உருப்படியாகச் செய்தது இந்தப் பொம்மை ஒன்றுதான். வாழ்நாளில் அவனுக்கு உருப்படியாக அமைந்தது காத்தாயி ஒருத்திதான். ஒன்றை வைத்துக்கொண்டால் மற்றது இல்லை என்று ஆகிவிட்டது. ஒரு வாரம் அவன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. ஸியாம் வாங்கிவந்த கொத்துரொட்டியைக்கூடத் தள்ளிவைத்தான் என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை பசறை பஸ்ஸில் காத்தாயி வந்து இறங்கினாள். தீபாவளிக்கு மூன்று நாள்தான் இருந்தது. பையில் அவனுடைய சொந்தச் சுத்தியல் இருந்தது. கடை எதுவென்று யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. கண்ணாடிக்குள் ஸியாம் பொம்மையின் முந்தானையில் கைவைத்துக்கொண்டிருந்தான்.

"அடேய்! எடுடா கைய!"

பஜார் வீதி நின்றது. முச்சக்கரவண்டிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். ஸியாம் கண்ணாடிக்குள்ளிருந்து குதித்துத் துணிக்கட்டுகளுக்குப் பின்னால் மறைந்தான். காத்தாயி சுத்தியலோடு உள்ளே ஏறினாள். "தங்கச்சி, தங்கச்சி, தீவாளி முடியட்டும்," என்று கையைப் பிசைந்தார் இத்ரூஸ் முதலாளி.

சத்தம் கேட்டு ரஹ்மத்தும்மா இறங்கி வந்தார். காத்தாயியைப் பார்த்தார், பொம்மையைப் பார்த்தார், வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். அவருக்கு யாரும் விளக்கம் சொல்லவேண்டியிருக்கவில்லை.

"பொம்புளப் பொம்மைக்கி ஆம்புளயா உடுப்பு மாத்துற? எத்தின தரம் செல்லீக்கிறேன் இந்த மனிசருக்கு!" என்றார். அலமாரியிலிருந்து ஒரு படுக்கைவிரிப்பை உதறி இழுத்தார். கண்ணாடியின் ஒரு முனையில் அதைச் செருகி மறுமுனையைத் தன் கையில் பிடித்து வீதியை மறைத்தார். "ஆம்புளயள் எல்லாம் வெளிய. அங்கமுத்து மட்டும் நில்லு, நீதானே செஞ்ச. நா அந்தப் பக்கம் பாத்துக்கிட்டு நிக்கிறேன் புள்ள. நீ என்னத்த செய்யப்போறியோ செய்."

காத்தாயி சேலையைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். உடைக்கிற பொருளை ஒரு தடவை பார்த்துவிட்டு உடைப்போம் என்றுதான் அவிழ்த்தாள்.

லயத்து ஒற்றையறைக் காம்பராவில் அவளிடம் இருந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடித் துண்டு. பொட்டு வைக்க அது போதும். அதில் முகம் தெரியும், அதுவும் பாதி பாதியாக. நாற்பது வயதுவரை தன் முதுகை அவள் கண்டதில்லை, தன் இடுப்பு எப்படி நிற்கிறது என்று கண்டதில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் தன் முகம் மட்டும். பொம்மைக்கு அந்த முகத்தைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது.

அவள் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். பிறகு இன்னொரு தடவை, மெதுவாக. சுத்தியல் பிடித்த கை தாழ்ந்தது. 

"இந்தத் தோளு ஏன் எறங்கியிருக்கு?"

"தெரியல. கை அப்படிச் செஞ்சிருச்சி."

"என் தோளு இப்படியா இருக்கு?"

அவன் ஆமென்று தலையை ஆட்டினான்.

"எப்ப இருந்து?"

"நீ பத்தாம் நம்பர் மலையில விழுந்தியே, அப்ப இருந்து."

நாலு வருஷத்துக்கு முன்னால், அவன் சாரத்தின்மேல் மாரியம்மனுக்குக் கை செய்துகொண்டிருந்த மழைக்காலத்தில், கூடையோடு சறுக்கிக் கல்லில் விழுந்தாள். யாரோ வந்து சொல்ல, சிமெந்துக் கையோடு ஓடிப்போய்த் தூக்கி வந்தான். தோட்டத்து மருந்துக்காரர் வெள்ளை மாத்திரை கொடுத்தார். மூன்றாம் நாள் பெரட்டுக்குப் போனாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, அவனும் கேட்கவில்லை. அவன் மறந்துவிட்டான் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

"வலி இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். தண்ணிக் குடத்த எடக்கையால தூக்குறியே. கொடியில துணி போடுறதும் எடக்கையாலதான்."

"தெரிஞ்சுமா?" என்றாள் காத்தாயி. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அம்மணத்துக்கு வராத அழுகை இப்போது வந்தது. "தெரிஞ்சதையெல்லாம் பேப்பருல ஒட்டி ஊருக்குக் காட்டத் தெரிஞ்சிச்சி. நாலு வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கத் தெரியலையா?"

 கோவில் தலைவர் கூட்டத்துக்கு முன்னால் கேலி செய்தபோதுகூட அங்கமுத்து இப்படிக் குறுகவில்லை. அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. ஊரில் உள்ள இடுப்பையெல்லாம் கணக்கெடுத்தவன், கூடப் படுத்து எழும்புகிறவளின் தோளைக் கையால் அறிந்துகொண்டு வாயைப் பொத்திக்கொண்டிருந்திருக்கிறான். வெட்கம் வந்தது. வெட்கம் வந்ததும், வேறொன்றும் தோன்றாமல், தெரிந்த ஒரே வேலையைச் செய்யப் போனான். பொம்மையின் வெடிப்புக்குப் பூச மூலையில் வைத்திருந்த பிளாஸ்டர் சட்டியை இழுத்துத் தண்ணீர் ஊற்றிக் குழைத்தான்.

"இரு புள்ள, இப்பவே நேராக்கிர்றேன். ரெண்டு வெரக்கடதான். ஒரு நிமிசத்துல தூக்கி விட்டுர்றேன்." ஒரு கை பிளாஸ்டரை அள்ளிப் பொம்மையின் வலது தோளுக்குக் கொண்டுபோனான்.

வெளியே யாரோ, "ஒடைச்சாச்சா?" என்று கத்தினார்கள்.

"இன்னமும் இல்ல! சும்மா நில்லுங்க!" என்றார் ரஹ்மத்தும்மா, திரும்பிப் பார்க்காமலே.

காத்தாயி சுத்தியலைக் கீழே வைத்தாள். ஸியாம் ஏறி நின்று சேலை கட்டும் முக்காலியை இழுத்துப்போட்டு, புருஷனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முந்தானையைத் தோளிலிருந்து கொஞ்சம் விலக்கினாள்.

"அது கெடக்கட்டும்," என்றாள். "இதப் பாருங்க."

அங்கமுத்து கையை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்து அவள் வலது தோளில் வைத்தான். அந்த எலும்பு எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று அவனுக்குத் தெரியும். களிமண்ணில் அதே இடத்தை நூறு தடவை அழுத்தியிருக்கிறான். அழுத்தினான். காத்தாயி பல்லைக் கடித்துக்கொண்டு சுருங்கினாள். களிமண் ஒருநாளும் அப்படிச் சுருங்கியதில்லை. கையைச் சட்டென்று எடுத்துவிட்டான்.

"வலிக்குதா?" என்று கேட்டான்.

"நாலு வருசமா வலிக்குது," என்றாள் காத்தாயி.